இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டின் மொறிஸ் மைனர்

"மடம், உங்கட வாகனம் இன்னும் செய்யப்படேல்லை."

கொழும்பிலுள்ள எங்கள் தலைமையகத்திலிருந்து தொலைபேசியில் பேசியவர் இதை மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். நான் அப்போது மன்னார்க் கிளையின் பொறுப்பாளர். வாகனங்களுக்கு லீசிங் கொடுப்பது எங்கள் தொழில். முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம், மீன் ஏற்றும் பட்டா லொறி என்று இருபது வருடத்துக்கு மேல் கோப்பு கோப்பாகப் பார்த்தவள். செய்யப்படாத வாகனத்துக்கு லீசிங் கொடுத்தவள் என்ற பெயர் மட்டும் அதுவரை எனக்கு வந்ததில்லை.

"செய்யப்படேல்லை எண்டால் என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"உற்பத்தி ஆண்டு இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டு எண்டு இருக்கு மடம். அதோட இப்ப இறக்குமதித் தடையும் இருக்கு. எந்தக் கப்பலில வருது?"

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் ஓய்வு பெற்றிருக்கிற என்னிடம் அனுபவம் கேட்கும்போது, தவணை கேட்கப் போன இடத்தில் நாய் துரத்திய கதையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அது எல்லோருக்கும் நடக்கும். இது எனக்கு மட்டும் நடந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

1. போட் விற்ற மனிதர்

யேசுதாசன் பேசாலையைச் சேர்ந்தவர். ஐம்பதை நெருங்கும் வயது, வெயிலில் காய்ந்த உடம்பு, பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமும் பழக்கம். இழுவைப்படகுகள் மூன்றாவது முறையாகவும் அவருடைய வலையை அறுத்துக்கொண்டு போன பிறகு, கடலோடு இனிப் போராடுவதில்லை என்று முடிவு எடுத்திருந்தார்.

"மடம், நான் ஒரு பழைய கார் வாங்கப் போறன். மொறிஸ் மைனர். ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கார்."

அவருக்குப் பக்கத்தில் இருந்த மனைவி பிலோமினா என்னைப் பார்த்து, "நீங்கள் சிரிக்கலாம் மடம். நான் சிரிச்சு முடிச்சிட்டன்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் புது வாகனம் நாட்டுக்குள் வரவில்லை. தகரத்துக்கு நான்கு சில்லு பூட்டினால் அதற்கும் விலை இருந்தது. அது மட்டுமல்ல, யேசுதாசன் யோசித்துத்தான் வந்திருந்தார். கலியாணம் முடித்த சோடிகள் எல்லாம் ஊரின் பெயர்பெற்ற பழைய பெருக்கமரத்தடியில் நின்று படம் எடுக்கிறார்கள். பழைய கார் ஒன்று கிடைத்தால் அதில் சாய்ந்துகொண்டு எடுக்க ஆசைப்படுகிறார்கள். அதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து கார் எடுப்பிக்கிறார்கள். மன்னாரில் ஒன்று இருந்தால் எதற்கு அவ்வளவு தூரம்?

"கார் எங்க நிக்குது?"

"இஞ்ச தாராபுரத்தில, ஒரு ஹாஜியார் வீட்டில. ஓடுது மடம். சில நேரம் நிண்டு ஓடுது. ஆனால் ஓடுது."

விண்ணப்பத்தை சிஸ்டத்தில் பதிய உட்கார்ந்தேன். உற்பத்தி ஆண்டு என்ற இடத்தில் இரண்டு இலக்கம்தான் போடலாம். 58 என்று போட்டேன். திரை தானாக 2058 என்று காட்டியது. அழித்தேன், திரும்பவும் போட்டேன், திரும்பவும் 2058. கணினிப் பிரிவுக்கு உடனே அழைத்துச் சொன்னேன். எழுத்திலும் அனுப்பினேன். "பாக்கிறம் மடம்" என்றார்கள்.

அவர்கள் பார்ப்பதற்கு முன், நான் பதிந்ததைச் சிஸ்டம் பார்த்துவிட்டது. பத்து வருடத்துக்குக் குறைந்த வாகனத்துக்கு வட்டி குறைவு, புத்தம்புது வாகனத்துக்கு அதைவிடக் குறைவு. இந்த வாகனமோ புதியதைவிடப் புதியது. அரை மணித்தியாலத்தில் அங்கீகாரம் வந்துவிட்டது. யேசுதாசனின் தொலைபேசிக்கும் தகவல் போயிருக்கிறது: உங்கள் புத்தம்புதிய வாகனத்துக்கு வாழ்த்துகள்.

அடுத்த நாள் காலையில் ஒரு பார்சல் பாரைக் கருவாட்டோடு எங்கள் கிளைக் கந்தோருக்கு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"போட்டையும் இஞ்சினையும் வித்திட்டன் மடம். ஹாஜியாருக்கு முற்பணமும் குடுத்தாச்சு. வாற சனிக்கிழமைக் கலியாணம் ஒண்டும் பிடிச்சிட்டன்."

"அண்ணை, அவசரப்பட்டிட்டியள். அது சிஸ்டம் பிழையா விளங்கிக்கொண்டு அனுப்பினது."

"பிழையோ? வாழ்த்துகள் எண்டெல்லோ போட்டிருந்தது?"



2. கொம்பனியின் முகம்

காரைப் பார்க்க அன்றைக்கே யேசுதாசனோடு தாராபுரம் போனேன். கிடுகுக் கொட்டகைக்குள் நின்றது. சாம்பல் நிறம், உருண்ட முகம், 'சிறீ' எழுத்துப் பொறித்த பழைய இலக்கத் தகடு. பின்சீற்றில் ஒரு கோழி முட்டையோடு படுத்திருந்தது. ஹாஜியார் அதை எழுப்பவில்லை. எங்களைத்தான் மெதுவாகப் பேசச் சொன்னார்.

எழுபது தாண்டிய மனிதர். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட், வெள்ளைத் தொப்பி. பேச்சும் அப்படியே சுத்தம்.

"இரிங்க மகள். காரை நான் யேசுதாசனுக்குத் தாறதுக்கு ஒரே ஒரு பேச்சுத்தான். எனக்கு முழங்கால் ஏலாது. வெள்ளிக்கிழமையில என்னைய ஜும்ஆத் தொழுகைக்குப் பட்டினத்துப் பள்ளிக்குக் கூட்டிக்கிட்டுப் போகோணும். நான் மௌத்தாகும்வரைக்கும்."

"உங்கட கடைசி நாள்வரைக்கும் நான் கூட்டிக்கொண்டு போவன்" என்றார் யேசுதாசன்.

லீசிங் என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியிருந்தது. தவணை முடியும் வரை வாகனப் புத்தகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் கொம்பனியின் பெயர்தான் இருக்கும், யேசுதாசன் பாவிப்பவர் மட்டுமே. இதைச் சொன்னதும் ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப நான் காரை விக்கிறது கொம்பனிக்கு."

"ஓம், ஒரு வகையில."

"அப்ப என்னைய ஜும்ஆவுக்குக் கூட்டிக்கிட்டுப் போறதும் கொம்பனி."

"இல்லை ஹாஜியார், அது..."

"கார் அவங்கட, வாக்கு மட்டும் இவர்ர எண்டா எப்பிடி மகள்? கொம்பனியக் கூட்டிக்கிட்டு வாங்க. முகத்தப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுக்கிறன். அவ்வளவுதான்."

கொம்பனி என்பது ஆள் அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் அது எப்படிக் கார் வாங்கும் என்று கேட்டார். இத்தனை வருட வேலையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நானும் யோசித்துப் பார்த்ததில்லை.

அதற்கு மறுநாள்தான் தலைமையகத்திலிருந்து அந்த அழைப்பு வந்தது. கார் ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டைச் சேர்ந்தது என்று விளக்கினேன்.

"அப்ப அது எங்கட வயதெல்லையைத் தாண்டீற்று மடம். ரிஜெக்ட்."

"நீங்கள்தானே அப்ரூவ் பண்ணினனீங்கள்?"

"இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டு எண்டால் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. செய்து முடிஞ்ச பிறகு அனுப்புங்கோ."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பிரதேச முகாமையாளர் நேரில் வந்து பார்த்து, கோப்பை மூடுவார் என்று அறிவித்தார்.

3. வெள்ளிக்கிழமை

பிரதேச முகாமையாளர் குலேந்திரன் வவுனியாவிலிருந்து வந்தார். மன்னார் வெயிலிலும் கழுத்துப்பட்டி கழற்றாத மனிதர். ஐம்பது கடந்தும் கலியாணம் செய்யவில்லை. வேலையைத்தான் கட்டியிருக்கிறார் என்று கந்தோர்ப் பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். கெட்டவர் இல்லை. விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்வார், செய்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார்.

"அரை மணித்தியாலத்தில முடிப்பம் ரெஜினா. பார்த்து, ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வருவம்" என்று என்னிடம் சொன்னார்.

தாராபுரத்துக்குப் போனபோது காருக்கு வெள்ளை றிபனும் பிளாஸ்ரிக் பூவும் கட்டியிருந்தது. அடுத்த நாள் கலியாணத்துக்கு எப்படி இருக்கும் என்று பிலோமினா கட்டிப் பார்த்திருக்கிறார். கோழி இடம் மாறியிருந்தது. ஹாஜியார் பள்ளிக்குப் புறப்பட்டு, அத்தர் மணக்க, முன்சீற்றில் ஏறி இருந்தார்.

"இவர்தானா கொம்பனி?" என்று என்னிடம் கேட்டார்.

"நான் கொம்பனியில இருந்து வந்தனான்" என்றார் குலேந்திரன்.

"நல்லம். ஏறுங்க. பள்ளியில குத்பா ஓதுற நேரமாகுது. போற வழியில கதைப்பம்."

குலேந்திரன் என்னைப் பார்த்தார். ஓடிப் பார்ப்பதும் பரிசோதனையில் ஒரு பகுதிதான் என்று சொன்னேன். பின்சீற்றில் ஏறினோம், அவர் ஒரு பக்கம், நான் மறு பக்கம். யேசுதாசன் சிலுவை போட்டுக்கொண்டு ஸ்ராட் பண்ணினார். நான் அன்றைக்குக் கட்டியிருந்தது மெரூன் நிறப் பட்டுச்சேலை. பிரதேச முகாமையாளர் வருகிறாரே என்று கட்டியது.

தாராபுரம் சந்தியிலேயே ஒரு முச்சக்கரவண்டிக்காரர் ஹோர்ன் அடித்துக் கையசைத்தார். நானும் பதிலுக்குக் கையசைத்தேன். இரண்டாவதாகக் கையசைத்தவர்கள் எனக்குத் தெரியாதவர்கள். மூன்றாவது இடத்தில் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டே பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. றிபன் கட்டிய கார், பட்டுச்சேலை, பக்கத்தில் கழுத்துப்பட்டியோடு ஒரு மனிதர்.

"சேர்," என்றேன், "ஆக்கள் எங்களைக் கலியாண மாப்பிள்ளை பொம்பிளை எண்டு நினைக்கினம்."

குலேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. இப்போது அசல் மாப்பிள்ளையாகவே தெரிந்தார்.

பட்டினத்துக் கடைத்தெருவில் கழுதைகள் வழக்கம்போல நடுத்தெருவில் நின்றன. ஹோர்ன் வேலை செய்யவில்லை. யேசுதாசன் பிரேக் பிடித்தார், இஞ்சின் நின்றது, திரும்ப எழும்பவில்லை. கழுதைகள் எங்களைப் பார்த்தன. கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். கச்சான் கடலை விற்கிற அம்மா ஒருவர் யன்னலுக்குள் தலையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வயசிலயெண்டாலும் நடந்துதே பிள்ளை. சந்தோசம்."

"அம்மா, நாங்கள் வலுவேஷனுக்கு வந்தனாங்கள்" என்றார் குலேந்திரன்.

"எங்க வந்தாலும் நல்லாயிருங்கோ" என்று சொல்லி, ஒரு சுருள் கச்சானை அவர் மடியில் வைத்தார்.

என் தொலைபேசி அடித்தது. கணவரின் தங்கை. "மச்சாள், உங்களுக்குக் கலியாணமாம், உண்மையோ?" அதை விளக்கி முடிக்கக் கணவரே எடுத்தார். அவர் பாடசாலை ஆசிரியர், அளந்து பேசுபவர். "மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவீரோ, இல்லாட்டி அங்க விருந்தோ?" என்று மட்டும் கேட்டார்.

முன்சீற்றிலிருந்து ஹாஜியார் திரும்பினார். "கொம்பனி, இறங்கித் தள்ளுங்க. நேரம் போகுது."

குலேந்திரன் தள்ளினார். நானும் தள்ளினேன். கடைக்காரர்கள் நாலைந்து பேர், "மாப்பிள்ளை தள்ளக் கூடாது, விடுங்கோ" என்று அவரை விலக்கிவிட்டுத் தாங்கள் தள்ளினார்கள். கழுதைகள் வழி விட்டன. கார் ஒரு தடவை இருமி, கறுப்பாகப் புகைத்து, ஓடத் தொடங்கியது. தெருவே கை தட்டியது.

4. மடிக்கக்கூடியதா?

ஹாஜியார் தொழுது முடித்து வரும்வரை பள்ளி மதிலோரம் வேப்பமர நிழலில் நின்றோம். குலேந்திரன் கச்சான் கோதை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். கழுத்துப்பட்டி தோளுக்குப் பின்னால் போயிருந்தது.

வெளியே வந்த ஹாஜியார் நேரே அவரிடம் போனார். "பதில் செல்லுங்க கொம்பனி. நான் மௌத்தாகும்வரைக்கும் வெள்ளிக்கிழமையில கூட்டிக்கிட்டு வருவீங்களா?"

"ஹாஜியார், கொம்பனி அப்பிடி வாக்குக் குடுக்கேலாது. அதோட இந்தக் கார் எங்கட வயதெல்லைக்குள்ள இல்லை. லீசிங் தரேலாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

யேசுதாசன் ஒரு பழந்துணியால் பொனெற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். தொண்டையைச் செருமினார்.

"சேர், போட் கையை விட்டுப் போயிட்டுது. வாங்கினவன் அதில கடலுக்கும் போயிட்டான். நாளைக்குக் கலியாண வீட்டுக்காரர் காரைப் பாத்துக்கொண்டு நிப்பினம். இது இல்லை எண்டால் நான் திங்கக்கிழமை வேற ஆரின்ரையோ போட்டில கூலிக்கு ஏறோணும். அதுக்கு வெக்கப்படேல்லை. என்ர போட்டில என்னோட வந்த பெடியளின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது எண்டுதான்..."

அந்தத் தகவலை அனுப்பியது நாங்கள். அவர் அதை நம்பினார், அவ்வளவுதான். காரைப் பார்த்தபடி நின்றேன். றிபனில் ஒன்று அவிழ்ந்து காற்றில் ஆடியது. அந்தக் கடைத்தெரு முழுவதும் எங்களைப் பார்த்ததே, ஒருவராவது இது எந்த ஆண்டுக் கார் என்று கேட்டார்களா? என்ன விலை, எத்தனை மைல் ஓடியது என்று கேட்டார்களா?

"சேர், நாங்கள் பந்தல்காரருக்கு, கதிரை வாடகைக்கு விடுறவைக்கு, மணவறை சோடிக்கிறவைக்கு எல்லாம் தொழில் உபகரணக் கடன் குடுக்கிறம். அதில உற்பத்தி ஆண்டு கேக்கிறேல்லை."

"அதுக்கு?"

"இதுவும் கலியாணச் சோடனைதான்."

"ரெஜினா, இது கார்."

"நாங்கள் வந்த வழியில ஆராவது இதைக் கார் எண்டு சொன்னவையா சேர்?"

குலேந்திரன் வாயில் இருந்த கச்சானைச் சப்பி விழுங்கினார். வழக்கமாக விதிகளை யோசிக்கும்போது அவர் மேலே பார்ப்பார். அன்றைக்கும் வேப்பமரத்தைப் பார்த்தார். "வாடகைத் தொழில். வருமானம் சோடனையால. பயணத்தால இல்லை" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு கொழும்புக்கு அழைத்து மேலதிகாரியிடம் எதையும் மறைக்காமல் விளக்கினார். கழுதைகளையும் சேர்த்துத்தான். மறுமுனையில் மேலதிகாரி சிரித்து முடித்த பிறகே சரி சொன்னாராம்.

காரின் பொனெற்றில் வைத்தே படிவத்தை நிரப்பினோம். பந்தல், கதிரைகளுக்காக அச்சடித்த படிவம் அது.

"எண்ணிக்கை?"

"ஒண்டு."

"மடிக்கக்கூடியதா?"

"இல்லை சேர்."

"கழுவலாமா?"

"ஓம், கழுவலாம்" என்றார் யேசுதாசன், அந்தக் கேள்விக்காவது பதில் தெரிந்த மகிழ்ச்சியில்.

இந்தக் கடனில் வட்டி சற்றுக் கூட. ஆனால் சோடனைப் பொருளைக் கொம்பனி தன் பெயரில் வைத்திருப்பதில்லை; வாகனப் புத்தகம் யேசுதாசனின் பெயருக்கே போகும். அதைக் கேட்ட ஹாஜியார், அப்படியானால் தனக்குக் கொம்பனியோடு பேச ஒன்றுமில்லை என்று குலேந்திரனை விட்டுவிட்டு யேசுதாசனின் கையைப் பிடித்து, கேட்க வேண்டியதை அவரிடமே கேட்டுக்கொண்டார்.

ஒரு பிணையாளி தேவைப்பட்டது. ஹாஜியார் பேனையைக் கேட்டார்.

"நீங்கள் விக்கிற ஆள்," என்றார் குலேந்திரன். "வாங்கிற ஆளுக்கு நீங்களே பிணையோ?"

"எனக்குத் தெரிஞ்ச ஆள் அவர்தானே. உங்களையா எனக்குத் தெரியும்?"

கையெழுத்துப் போட்டார்.

5. தள்ளுகிற படம்

மறுநாள் கலியாணத்தில் கார் கோவில் வாசலுக்கு ஐம்பது யார் தூரத்துக்கு முன்னால் நின்றுபோனது. யேசுதாசனுக்கு வேர்த்து ஊற்றியது. ஆனால் மாப்பிள்ளையின் தமையன்மார் ஒரு பக்கம், பொம்பிளையின் மாமன்மார் மறு பக்கம் என்று இறங்கித் தள்ளினார்கள். சீதனப் பேச்சில் முகம் சுழித்துக்கொண்டிருந்த இரண்டு பகுதியும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சேர்ந்து ஒரு வேலை செய்ததாம். படப்பிடிப்பாளர் விடாமல் எடுத்துத் தள்ளினார். அந்தப் படங்கள்தான் ஊரெல்லாம் தொலைபேசிகளில் சுற்றின.

அடுத்த மாதம் யேசுதாசன் நல்ல மெக்கானிக் ஒருவரைப் பிடித்துக் காரைத் திருத்திவிட்டார். ஸ்ராட் பண்ணினால் ஒரே தரத்தில் பிடிக்கும். பிறகு ஒரு நாள் கந்தோருக்கு வந்து முறைப்பாடு மாதிரிச் சொன்னார்:

"மடம், வாறவை எல்லாம் தள்ளுற படமும் இருக்கோ எண்டு கேக்கினம். இல்லை, இப்ப நல்லா ஓடுது எண்டால் முகம் வாடுது. இப்ப நான் கோவிலுக்குக் கிட்ட வந்ததும் திறப்பைத் திருப்பி இஞ்சினை நானே நிப்பாட்டுறன்."

பிலோமினா பக்கத்திலிருந்து, "அதுக்குத் தனிக் காசு எடுக்கச் சொன்னனான். இவர் மாட்டாராம். சும்மா நிக்கிறதுக்குக் காசு வாங்கக் கூச்சமாம்" என்றார்.

கடன் தவணை பிந்தாமல் வந்தது. தலைமையகத்திலிருந்து கணக்காய்வுக்கு வந்தவர்கள் சோடனைப் பொருளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர்களைப் பேசாலைக்குக் கூட்டிப் போனேன். ஒருவர் அதைச் சுற்றி வந்து, எங்கே ஸ்ரிக்கர் ஒட்டுவது என்று கேட்டார். ஓட்டுநர் கதவின் உட்பக்கம் ஒட்டினோம். இன்றைக்கும் அங்கே இருக்கிறது: சோடனை, எண்ணிக்கை ஒன்று.

இதிலிருந்து நான் கற்றது ஒன்றுதான், அதைத்தான் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததும் பொருளின் வயதைக் கேட்காதீர்கள். அதை வைத்து அவர் எப்படிப் பிழைக்கப் போகிறார் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சரியாக வந்தால், அவருக்கு ஏற்ற படிவம் எங்கேயாவது ஓர் அலுமாரிக்குள் இருக்கும். பதில் சரியாக வராவிட்டால் புத்தம்புது வாகனம் என்றாலும் கொடுக்காதீர்கள்.

இந்த முறைக்கு ஒரு வில்லங்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கதை பரவிய பிறகு நறுவிலிக்குளத்திலிருந்து ஒரு கமக்காரர் வந்தார். கையில் ஒரு படம். தகப்பன் காலத்து உழவு இயந்திரம், முன்சில்லு இரண்டும் இரண்டு அளவு.

"மடம், இதையும் அந்தச் சோடனைக்குள்ள போடுங்கோவன்."

"இதை வச்சு என்ன செய்யப் போறியள் ஐயா?"

"உழப் போறன்."

"உழுறது சோடனை இல்லையே."

அவர் படத்தை என்னிடமிருந்து திருப்பி வாங்கிப் பார்த்தார். பிறகு மிகவும் அக்கறையாகக் கேட்டார்:

"பூக் கட்டிப்போட்டு உழுதால்?"